கேளுங்கள், சொல்கிறேன்: மேகத்துக்குள் போர் விமானம்

(பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற விமானப்படை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி)

கேள்வி: வீட்டு மொட்டை மாடிக்கு மேலே தேஜஸ் பறக்கிறது. கோவைக்கு வரும் பயணிகள் விமானமும் அதே வானத்தில்தான் வருகிறது. போர் விமானத்துக்கு விதியே கிடையாதா? - சூலூர் வாசகர்

உண்டு சார். 1944-ம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கை ராணுவ விமானங்களைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை என்பது சரிதான். ஆனால், அவற்றுக்கு விதி வகுக்கும்போது பயணிகள் விமானங்களின் பாதுகாப்பையும் பார்த்துக்கொள் என்று அதே 3-வது பிரிவு அரசுகளுக்குச் சொல்கிறது. அதனால் பயணிகள் விமானங்களுக்கு உள்ள அதே இரண்டு வழிதான் எங்களுக்கும். வெளியே பார்த்துப் பறந்தால் வி.எஃப்.ஆர். (கண்பார்வை விதிகள்), கருவிகளைப் பார்த்துப் பறந்தால் ஐ.எஃப்.ஆர். (கருவி விதிகள்). முதலாவதற்குப் பொதுக் கணக்கு, 10,000 அடிக்குக் கீழே 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும்; அதற்கு மேலே 8. ஒதுக்கிய வான்பரப்பில் துரத்திப் பிடிக்கும் பயிற்சியெல்லாம் கண்ணால்தான். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டால் கருவிதான். ஒரே பயணத்தில் இரண்டும் நடக்கும்.

இன்னொன்று. புனே, ஸ்ரீநகர், பாக்டோக்ராவில் ஓடுபாதையே விமானப்படையுடையது. அங்கே உங்கள் பயணிகள் விமானத்தை இறக்கிவிடுவதும் எங்கள் ஆட்கள்தான்.

கேள்வி: இரண்டு விமானம் ஒட்டிக்கொண்டே மேகத்துக்குள் போகிறதே, இடித்துக்கொள்ளாதா? - தாம்பரம் வாசகி

நல்ல கேள்வி அம்மா. லீடர் கருவியைப் பார்க்கிறார். பக்கத்தில் வருபவர் லீடரின் இறக்கையை மட்டும் பார்க்கிறார், வேறெதையும் பார்ப்பதில்லை. எங்களுக்கு இருவரும் சேர்ந்து ஒரே விமானம். ரேடியோவில் பேசுவது லீடரோடு மட்டும்தான். மேகம் கெட்டியாகி இறக்கை மறைந்துவிட்டால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே விலகித் திரும்பிவிட வேண்டும்.

வடகிழக்கில் ஒரு தளத்தில் பணியில் இருந்தேன். மழைக்காலம். இரண்டு மிக்-21 வந்துகொண்டிருந்தன. "லீடரைக் காணோம்" என்று இரண்டாமவர் குரல். ஒருவரை மற்றவருக்கு ஆயிரம் அடி மேலே பறக்கவிட்டு, எரிபொருள் குறைவாக இருந்தவரை முதலில் இறக்கினேன். இப்படிப் பேசிப் பேசியே இறக்குவதை நாங்கள் 'டாக் டவுன்' என்போம். ரேடார் திரையைப் பார்த்தபடி, "இரண்டு டிகிரி வலது... ஆன் கிளைட் பாத் (சரியான இறங்குபாதையில் இருக்கிறீர்கள்)..." என்று விடாமல் பேச வேண்டும். ஒரு கடல் மைலுக்கு (சுமார் 1.85 கிலோமீட்டர்) சுமார் 300 அடி இறக்கம். கடைசிக் கட்டத்தில் விமானி பதிலே சொல்ல மாட்டார். என் குரல் 5 விநாடி கேட்காவிட்டால் மேலே ஏறிப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்! அப்புறம் அந்த இரண்டாமவர் டீ குடிக்க வந்தார். கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது அவருக்கு.

கேள்வி: 2021 டிசம்பர் 8-ம் தேதி ஜெனரல் ராவத் வந்த ஹெலிகாப்டர் எங்கள் மலையில் விழுந்தது. தேர்ந்த விமானிகளுக்கு எப்படி இப்படி? - குன்னூர் வாசகர்

முப்படை விசாரணையில் சொன்னது இது: பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையும் நிலையும் புலப்படாமல் போயின. இயந்திரக் கோளாறு இல்லை. வி.எஃப்.ஆரில் இருந்து ஐ.எஃப்.ஆருக்கு, கேட்காமல் ஒரு நொடியில் மாற நேர்வதுதான் எங்கள் தொழிலில் மிகவும் மோசமான இடம். சமவெளியில் ஏறித் தப்ப அவகாசம் உண்டு. மலையில் எந்தப் பக்கம் ஏறுவது?

கேள்வி: விமானிக்குத் தலை கீழா மேலா என்றுகூடவா தெரியாது? - மதுரை வாசகர்

சிறுவயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நின்ற பிறகும் உலகம் எதிர்ப்பக்கம் சுற்றுமே, அப்படி ஏமாற்றும் அதே உள்காதுத் திரவம்தான் இங்கேயும் காரணம். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சுமார் 20 விநாடியில் திரும்புவதே உறைக்காது. ஒருமுறை கிரண் பயிற்சி விமானத்தில் பக்கத்து இருக்கையில் என்னை உட்கார வைத்து, வெளியே தெரியாதபடி தலையில் மூடியைப் போட்டார்கள். பயிற்சி ஆசிரியர் "எப்படிப் போகிறோம்?" என்றார். "நேராக" என்றேன், சந்தேகமே இல்லாமல். குனிந்து கருவியைப் பார்த்தேன். இடது பக்கம் 30 டிகிரி சாய்வு.