டேட்டாஷீட் 10 என்கிறது, மென்பொருள் 4.7 என்கிறது: எந்த இண்டக்டர்?

12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 2 ஆம்பியர், 500 கிலோஹெர்ட்ஸ் பக் ரெகுலேட்டருக்கு (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சுற்று) சிப்பின் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) 10 மைக்ரோஹென்றி இண்டக்டர் என்கிறது, வடிவமைப்பு மென்பொருள் 4.7 தருகிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ரிப்பிள் மின்னோட்டத்தை, அதாவது இண்டக்டரில் மின்னோட்டம் ஏறி இறங்கும் அளவை, நீங்களே கையால் போட்டுப் பாருங்கள். 12இல் 5 போக 7 வோல்ட். அதை 5/12ஆல் பெருக்கி, இண்டக்டன்ஸ், அதிர்வெண் இரண்டின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 10 வைத்தால் சுமார் 0.58 ஆம்பியர், அதாவது உங்கள் சுமையில் 29 சதவீதம். 4.7 வைத்தால் 1.24 ஆம்பியர், 62 சதவீதம். பொதுவாக 20 முதல் 40 சதவீதம்தான் இலக்கு.

அப்படியென்றால் மென்பொருள் தப்பா? அவசியமில்லை. உங்கள் சிப் 3 ஆம்பியர் வகை என்றால், அந்த முழு 3 ஆம்பியரை வைத்து அது கணக்குப் போட்டிருக்கலாம். அப்போது அதே ரிப்பிள் 41 சதவீதம்தான். மென்பொருளில் நீங்கள் விவரம் கொடுக்கும் பக்கத்தில் அதிகபட்ச மின்னோட்டம், அதிர்வெண், உச்ச உள்ளீட்டு வோல்டேஜ் மூன்றையும் சரிபாருங்கள். பெரும்பாலும் முரண்பாடு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நான் 10தான் போடுவேன். ஆனால் காம்பென்சேஷன் (வெளியீடு அலையாமல் நிலைப்படுத்தும் பகுதி) சிப்புக்குள்ளேயே இருந்தால், டேட்டாஷீட் அனுமதிக்கும் இண்டக்டர், கெபாசிட்டர் எல்லையைத் தாண்டவே வேண்டாம், மென்பொருள் என்ன சொன்னாலும் சரி. இன்னொன்று: செராமிக் கெபாசிட்டர் 5 வோல்ட்டில் தன் மதிப்பில் கணிசமான பங்கை இழக்கக்கூடும். டேட்டாஷீட் சொல்வது பெயரளவு மதிப்பா, மிஞ்சும் மதிப்பா என்று பாருங்கள். போர்டு வந்ததும் சுமையைத் திடீரென மாற்றி, வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். அலைந்துகொண்டே இருந்தால் படத்தோடு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.