வெள்ளை டீயும் இரும்பு மாத்திரையும்

கேள்வி: என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 9தான் இருக்கிறது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். டீயை மட்டும் விட முடியாது என்கிறாள். க்ரீன் டீக்கு மாறினால் போதும் என்கிறார்கள் சிலர். ஊட்டி போனபோது வேன் டிரைவர் கூட்டிப்போன கடையில் 300 ரூபாய்க்கு வாங்கிய கால் கிலோ ‘வெள்ளை டீ’யும் வீட்டில் இருக்கிறது. எதைக் கொடுக்கலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: எதை வேண்டுமானாலும் கொடுங்கள், மாத்திரை நேரத்தில் மட்டும் வேண்டாம்.

கறுப்பு, பச்சை, வெள்ளை, ஊலாங் எல்லாமே ஒரே செடியின் கொழுந்துதான். வாடவிட்டு, நசுக்கி, காற்றுப்பட வைத்தால் கொழுந்து செம்பு நிறத்துக்கு வரும். அதைக் காயவைத்தால் நாம் குடிக்கும் டீத்தூள். பறித்த கையோடு சூடு காட்டி அந்த நிறமாற்றத்தைத் தடுத்தால் க்ரீன் டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங். மொட்டை மட்டும் கிள்ளி, நசுக்காமல் காயவைத்தால் வெள்ளை. துவர்ப்பு எல்லாவற்றிலும் உண்டு. சாப்பாட்டிலும் மாத்திரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்வது அந்தத் துவர்ப்புதான். க்ரீன் டீயும் அதில் விதிவிலக்கல்ல. ஆகவே மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம், டீ வேண்டாம். பால் சேர்த்தாலும் இதே கணக்கு.

இனி உங்கள் வெள்ளை டீ. ஒரு கிலோ சாதாரணத் தூளுக்கே நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். வெள்ளைக்கு மொட்டு மட்டும், அதுவும் பல்லாயிரக்கணக்கில், கையால் கிள்ள வேண்டும். கால் கிலோ 300 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகுமா? ஒரு சிட்டிகை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். அசல் என்றால் ஊசி போல முழு மொட்டு, மேலே வெள்ளிப் பூனைமுடி. உடைந்த இலையும் காம்புமாக இருந்தால் அது மட்டமான க்ரீன் டீ. நீங்கள் கொடுத்த காசில் டிரைவர் கமிஷனும் இருக்கும். கொழுந்து பறித்துக் கொடுத்த சிறு விவசாயிக்கு அதில் என்ன போயிருக்கும் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம்தான் வரும்.

உங்கள் மனைவிக்குப் பழகிய டீத்தூளே போதும். ஆனால் பேர் இல்லாத பாக்கெட்டில், எடை போட்டு விற்கும் தூள் வேண்டாம். குடித்துச் சக்கையான தூளைக் காயவைத்து, சாயம் ஏற்றி, திரும்பவும் கடைக்கு அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளை வடிதாளில் (ஃபில்டர் பேப்பரில்) கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பிடியுங்கள். அலசியும் போகாத கறை பளிச்சென்று நின்றால் சாயம்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தூளைக் கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டு, “பார், நிறம் இறங்குகிறது, கலப்படம்!” என்று செல்போனில் வீடியோ அனுப்புகிறார்கள். டஸ்ட் டீ என்பது இலையைப் பல் உருளைகளில் கிழித்துப் பொடியாக்கியது. அதன் சாறு வெளியிலேயே காய்ந்து ஒட்டியிருக்கும். சில நிமிடத்தில் பச்சைத் தண்ணீரிலும் பழுப்பு இறங்கத்தான் செய்யும். அது நல்ல தூள். போட்ட மாத்திரத்தில் ஆரஞ்சுக் கோடுகள் இழுத்துக்கொண்டு இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். குன்னூர் பக்கம் முப்பது வருடம் டீ ருசி பார்த்தவன் சொல்கிறேன், இந்த வீடியோவால் நேர்மையான கடைக்காரர்கள் திட்டு வாங்குகிறார்கள், சாயக்காரன் தப்பிவிடுகிறான். அப்புறம், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு அனுப்பும் தூளுக்கு ஆய்வகம் 14 நாளில் ஆய்வறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குள் அந்த மூட்டை டீக்கடைகளில் கொதித்து முடிந்திருக்கும்.

வாங்கிய கால் கிலோவை வீணாக்க வேண்டாம். கொதித்த நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, மூன்று நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள், கசக்காது. விருந்தாளிக்கும் தரலாம், வெள்ளை டீ என்று மட்டும் சொல்லாதீர்கள்.