மட்டக்களப்பு, அம்பாறை பக்கம் காட்டுயிர் பேச்சு, இயற்கை நடை, பாரம்பரிய கைவினைப் பட்டறை எல்லாம் பொதுசனத்துக்கு நடத்தலாமா? எப்படித் தொடங்குறது?

நடத்தலாம், கட்டாயம் நடத்தணும். ஆனா நீங்க மூண்டையும் தனித்தனி நிகழ்ச்சியா யோசிக்கிறீங்க போல, பேச்சு ஒரு நாள், நடை ஒரு நாள், பட்டறை இன்னொரு நாள் எண்டு. எங்கட பக்கத்துல மூண்டும் ஒரே இடத்துலதான் கிடக்கு, அதைப் பிரிக்காம செய்யிறதுதான் சரி எண்டு நான் சொல்லுவன்.

பன் எண்ட கோரைப் புல்லுல இழைக்கிற பன்பாய எடுத்துக்கொள்ளுங்க. பன் எங்க வளருது? குளத்தோரம், தரவை, தண்ணி தேங்கி நிக்கிற சதுப்பு. அதுக்குள்ளதான் தாழைக்கோழி கூடு கட்டும், கொக்கு இரை தேடும், விரால் குஞ்சு ஒளிச்சு நிக்கும். காலமை அந்தப் பன்னுக்குள்ள நடந்து போய் இதெல்லாம் பாத்துட்டு, மறுகா மத்தியானம் அதே ஊர்ல ஒரு வீட்டு விறாந்தையில குந்தி பாய் இழைக்கப் பழகினா, தரவைய ஏன் கிறவல் போட்டு நிரப்பக்கூடாது எண்டு தனியா விளக்கவே தேவையில்ல, வந்த பிள்ளைகளே கேக்கும் அடுத்த வருசம் பன்னுக்கு எங்க போறது எண்டு.

அக்கரைப்பற்று பக்கம் ஒரு ராத்தா பாய் இழைக்கிறத கிட்ட இருந்து பாத்திருக்கன். காஞ்ச பன்னை நீட்டு, கட்டை எண்டு முதல்ல பிரிச்சு வைக்கிறா, மறுகா லேசா தண்ணி தெளிச்சு ஈரச்சாக்கால மூடி வைக்கிறா, இல்லாட்டி மடிக்கேக்க முறிஞ்சிரும், அதுக்குப் பிறகு ஒவ்வொண்டையும் கட்டைவிரலால நீவி விட்டுத்தான் அடுத்ததுக்குள்ள செருகுறா. கை நிக்காம ஓடுது, வாய் எங்களோட கதைச்சுக்கொண்டே இருக்கு. "வெட்டேக்க வேரைக் கிளப்பிராதீங்க தம்பி, அதுதான் அடுத்த மாரிக்கு தளைக்கிற" எண்டு சொன்னா. சதுப்பு நிலப் பாதுகாப்பு எண்டு ஒரு மணித்தியாலம் புரொஜெக்டர் போட்டு சொல்ற விசயம் அந்த ஒரு வசனத்துக்குள்ள இருக்கு.

அதனால என்ட முதல் கருத்து, பேச வைக்கிற ஆளை வெளிய தேடாதீங்க. கொழும்புல இதுக்கெல்லாம் பழைய அமைப்புகள் இருக்கு, வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1894ல தொடங்கினது, கொழும்பு பல்கலைக்கழகத்தோட சேந்த களப் பறவையியல் குழு 1976ல இருந்து இருக்கு, நல்ல வேலை செய்யிறாங்க, அவங்கட ஆக்களை வருசத்துல ஒருக்கா கூப்பிடலாம். ஆனா வெல்லாவெளியில போய் 2011 கணக்கெடுப்புல நாடு முழுக்க 5,879 யானை எண்டு பேச்சைத் தொடங்கினா யாரு கேப்பாங்க? அங்க உள்ள சனம் ராவைக்கு வட்டையில, அதாவது வயல்வெளியில, பரண்ல முழிச்சிருந்து யானை வெடி போட்டு வெள்ளாமைய காக்கிற சனம், எந்தத் தனியன் எந்தப் பக்கத்தால இறங்கும் எண்டு அவங்களுக்குத் தெரியும். வெல்லாவெளி மாதிரி வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரையில யானையப் பத்திப் பேசுறதெண்டா முதல்ல அவங்களைப் பேச விடணும், பிறகு வேலி விசயத்துக்கு வரணும். காட்டு இலாகா எல்லையில வேலி போட்டா ரெண்டு பக்கமும் யானைதான் நிக்கும், ஊரைச் சுத்தி நிரந்தர மின்வேலியும் வட்டையைச் சுத்தி வெள்ளாமைக் காலத்துக்கு மட்டும் வேலியும் போட்டு, அறுவடை முடிஞ்சதும் வட்டை வேலியக் கழட்டி யானைய மிஞ்சின தாளை மேய விட்டா பிரச்சினை குறையுது எண்டு பிரித்திவிராஜ் பெர்னாண்டோ மாதிரி யானை ஆய்வாளர்கள் கனகாலமா சொல்றாங்க. இதைத் தமிழ்ல, கோயில் முன்றலில, பின்னேரம் இருந்து விவசாயிகளோட கதைச்சுப் பாருங்க, கேள்விக்கு மேல கேள்வி வரும்.

மட்டக்களப்பு வாவியில ராவுல தண்ணிக்குள்ள இருந்து பாட்டு மாதிரிக் கேக்கிற சத்தத்தைத்தான் பாடுமீன் எண்டு சொல்றது, அதுவும் இப்படித்தான். 1848ல அப்ப இலங்கையில குடியேற்ற நாட்டுச் செயலாளரா இருந்த எமர்சன் டெனன்ட் நிலாக்காலத்துல மட்டக்களப்பு வாவியில அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதி வச்சாரு. அவரைத் தோணியில அந்த இடத்துக்குக் கொண்டு போனது இங்கத்த மீனவர்தான், அது ஊரி, அதாவது ஓட்டுக்குள்ள இருக்கிற நத்தை மாதிரி உயிர், போடுற சத்தம் எண்டு சொன்னதும் அவங்கதான். ஊரியா மீனா எண்டு இண்டைக்கும் ஆக்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்காங்க. காத்து இல்லாத பறுவ (பௌர்ணமி) ராவுல கல்லடிப் பாலத்தடியில தோணிய நிப்பாட்டி, சவளை, அதாவது துடுப்பை, தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வச்சுக் கேக்கிறத ஒரு மீனவ ஐயா காட்டிக்கொடுத்தா, அதை விடப் பெரிய காட்டுயிர் பேச்சு இந்த மாவட்டத்துல வேற என்ன இருக்கு?

நடைக்கு இடம் தெரிவு செய்யேக்க ஒண்டு கவனிக்கணும். குமண, கல்லோயா மாதிரி தேசிய பூங்காவுக்குள்ள நினைச்ச இடத்துல வாகனத்தை விட்டு இறங்கி நடக்க ஏலாது. அதனால வெளிய உள்ள இடங்களைப் பாருங்க. பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் கண்டல் காடு, பொத்துவில் களப்பு, உன்னிச்சை, நவகிரி குளக்கட்டுகள். குளக்கட்டெண்டா காலமை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏற முதல் முடிச்சிரணும், பின்னேரத்துல போகவே வேணாம், யானை தண்ணிக்கு இறங்குற நேரம். கண்டலுக்குள்ள சின்னப் பிள்ளைகள் வந்தா தில்லை மரத்தை முதல்ல காட்டுங்க, அதுட பால் கண்ணுல பட்டா பெரிய ஆபத்து. காலம் எண்டா தை கடைசியில இருந்து பங்குனி வரைக்கும் நல்லம், மாரி மழை ஓஞ்சிருக்கும், உள்ளான், ஆலா எல்லாம் திரும்பிப் போக முதல் பாத்திரலாம். கச்சான் காத்துக் காலத்துல நடை வைக்காதீங்க, சனம் களைச்சிரும்.

ஆடிவேலுக்கு கதிர்காமம் நடந்து போறவங்க உகந்தை முருகன் கோயில்ல தங்கி, காட்டுப்பாதை திறந்ததும் குமண ஊடாத்தான் போறாங்க. எங்கட சனத்துக்கு இதை விடப் பெரிய இயற்கை நடை இல்ல. அந்த முதல்நாள் ராவு உகந்தையில அரை மணித்தியாலம் காட்டைப் பத்தி, பிளாஸ்டிக் போத்தலைப் பத்தி, யானை எதிர்ப்பட்டா என்ன செய்யிறதெண்டு பழைய யாத்திரை சாமிமாரை வச்சே பேசலாம். கூட்டம் சேக்கத் தேவையே இல்ல, பக்தியோட வந்த சனம் மனசு வச்சுக் கேக்கும்.

கடைசியா காசு விசயம், இதுல நான் கண்டிப்பா இருப்பன். ஒரு நிறுவனம் நடத்தின பாய் பட்டறைக்குப் போயிருந்தன், ஏசி மண்டபம், பெரிய பேனர், எல்லாருக்கும் சேட்டிபிக்கட், ஆனா இழைக்கிற அம்மாமார் பின்வரிசையில, அவங்களுக்குக் கிடைச்சது சாப்பாட்டுப் பார்சலும் ஒரு குடையும். அது எனக்குச் சரியான கவலை. பழக்கித் தாற ஆளுக்கு ஒரு நாள் கூலியை விடக் கூடுதலா, கையில, அண்டைக்கே குடுக்கணும். தோணிக்காரருக்கும் அப்படித்தான். வாற சனத்திட்ட இருநூறு, முந்நூறு வாங்கினாலும் பரவாயில்ல, எதுக்கு வாங்குறம் எண்டு சொல்லி வாங்கினா தருவாங்க.

நீங்க கல்முனைப் பக்கம் எண்டா மருதமுனையில கைத்தறி வச்சு நெய்யிற ஒரு காக்காட்ட (முஸ்லிம் அண்ணன் ஒராளிட்ட) முதல்ல போய்க் கதைங்க, ஒரு நேரத்துல ஐஞ்சு பேருக்கு மேல தறியடியில நிக்க இடம் காணாது, அதனால சின்னக் குழுவாப் பிரிச்சு எடுங்க, மற்றவங்க அந்த நேரம் கடற்கரையால நடக்கட்டும். மட்டக்களப்பு எண்டா பாலமீன்மடுதான் லேசு, பஸ்ஸுல போகலாம், வள்ளம் வச்சிருக்கிறவங்களும் கிட்டத்தான் இருக்காங்க.