அலமாரிக்கு ஆள் தேடும் முன் ஒரு படம் வரையுங்கள்

கேள்வி: எங்கள் படுக்கையறையில் சுவரோடு சேர்ந்த துணி அலமாரி இருக்கிறது. 8 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம். மேலே ஒரு தட்டு, அதன் கீழே முழு நீளத்துக்கு ஒரு கம்பி, முன்னால் இரண்டு தள்ளுக் கதவுகள். தட்டு நடுவில் தொய்ந்துவிட்டது. கம்பிக்குக் கீழே துணி குவிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய நினைத்து மூன்று பேரிடம் விலை கேட்டோம். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன. யாரைத் தேர்ந்தெடுப்பது? இன்டீரியர் டிசைனர் வேண்டுமா, தச்சர் போதுமா?

பதில்: அநேகமாக அவை மூன்று வெவ்வேறு அலமாரிகளுக்கான விலைகள். உள்ளே என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லாதபோது ஒருவர் நான்கு டிராயர் போட்டுக் கணக்கிட்டிருப்பார், இன்னொருவர் வெறும் தட்டுகளை மட்டும் கணக்கிட்டிருப்பார். பலகையின் தரமும் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். எனவே இப்போதைக்கு யாரையும் முடிவு செய்ய வேண்டாம். முதலில் உங்களுக்கு வேண்டியதைத் தாளில் கொண்டுவாருங்கள்.

அலமாரியை முழுக்கக் காலி செய்யுங்கள். தொங்கவிட வேண்டியவை, மடித்து வைப்பவை, எப்போதாவது எடுப்பவை என்று பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நீள இடம் பிடிக்கிறது என்று டேப் வைத்து அளந்து குறியுங்கள். வீடுகளில் பெரும்பாலும் தொங்குபவை சட்டை, கால்சட்டை போன்ற குட்டையான துணிகள்தான். அவற்றுக்கு 40 அங்குல உயரம் போதும். அதாவது உங்கள் 7 அடிக்குள், தரையிலிருந்து சுமார் 40 அங்குலத்தில் ஒரு கம்பி, 80 அங்குலத்தில் இன்னொன்று என இரண்டு அடுக்கு வரும். அந்தப் பகுதியில் மட்டும் தொங்கவிடும் இடம் இரட்டிப்பாகிவிடும். நீளமான உடைகளுக்கு 60 முதல் 65 அங்குலம் விட்டு ஒரு குறுகிய பகுதி ஒதுக்குங்கள். மடித்த துணிக்கான தட்டுகளுக்கு இடையே 10, 12 அங்குலம் போதும். அதற்கு மேல் விட்டால் அடுக்கு உயர்ந்து சரியும். தட்டும் 14 அங்குல ஆழத்துக்கு மேல் தேவையில்லை, பின்னால் போகும் துணி கண்ணில் படாது.

ஆழத்தைத் தனியாகக் கவனியுங்கள். தள்ளுக் கதவின் தண்டவாளமே 3, 4 அங்குலம் எடுத்துக்கொள்ளும். மீதி 20 அங்குலம்தான். பெரியவர்களுக்கான ஹேங்கர் 17, 18 அங்குலம் இருக்கும், துணியின் தோள் அதையும் தாண்டும். கதவில் சட்டை உரசுகிறது என்றால் காரணம் இதுதான். அறையில் இடம் இருந்தால் திறக்கும் கதவுக்கு மாறுவதே என் விருப்பம். தள்ளுக் கதவையே வைத்துக்கொள்வதாக இருந்தால், இரண்டு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுப்பகுதியில் டிராயர் வைக்கவே கூடாது. எந்தக் கதவைத் தள்ளினாலும் அது முழுதாக வெளியே வராது. படத்தில் அழகாகத் தெரியும், பொருத்திய பிறகுதான் பிரச்சினை புரியும்.

தட்டு தொய்ந்ததற்குப் பெரும்பாலும் அகலம்தான் காரணம். 18 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), துணியின் பாரத்தில் 2 முதல் இரண்டரை அடிக்கு மேல் தாங்கி இல்லாமல் தொய்யாமல் நிற்காது. நல்ல பிளைவுட் 3 அடி வரை நிற்கும். கம்பிக்கும் 3, 4 அடிக்கு ஒரு தாங்கி வேண்டும். ஆக, பிளைவுட் போட்டு 8 அடியை மூன்றாகப் பிரித்து நடுவே இரண்டு செங்குத்துப் பலகைகள் நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டுமா? வெளிக்கூடு நேராக, உறுதியாக இருந்து, கரையான் தடமோ உப்பிய பலகையோ இல்லையென்றால் வேண்டாம். உள்ளமைப்பை மட்டும் மாற்றுங்கள். பூஞ்சை வாடை வந்தால் முதலில் சுவரைப் பாருங்கள். காலி அலமாரியின் பின்சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த பலகை போட்டாலும் வீண்.

சரி, யாரைக் கூப்பிடுவது? உங்கள் வேலைக்கு அனுபவமுள்ள தச்சரோ, தொழிற்சாலையில் வெட்டிக் கொண்டுவந்து பொருத்தும் மாடுலர் நிறுவனமோ போதும். சுவர் கோணலாக இருந்தால் அங்கேயே அளந்து வெட்டும் தச்சருக்கு வசதி அதிகம். பலகையின் விளிம்பு ஒட்டும் வேலையில் தொழிற்சாலை இயந்திரத்தின் சுத்தம் கைவேலையில் எளிதில் வராது. அறையின் அமைப்பையே மாற்றும்போதுதான் டிசைனர் அவசியம். சுவரை இடிப்பதென்றால் அது பாரம் தாங்கும் சுவரா என்று கட்டுமானப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். அலமாரிக்குள் விளக்கு வைக்க எலக்ட்ரீஷியன் வேண்டும். அந்த ஒயரைப் பலகை ஏறுவதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும்.

அப்புறம் அதே படத்தை மூன்று பேருக்கும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். சதுர அடிக் கணக்கு என்றால் எதை அளக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். முகப்பை மட்டும் அளந்தால் உங்களுடையது 56 சதுர அடி. உள்ளே இரண்டு டிராயர் இருந்தாலும் ஆறு இருந்தாலும் அந்த எண் மாறாது. அதனால் டிராயர், கம்பி, பின்பலகை, கீல், டிராயர் ஓடும் சேனல், பழையதைக் கழற்றி அப்புறப்படுத்துவது எல்லாம் விலையில் அடங்குமா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பலகையின் வகை, தடிமன், கீல்களின் பிராண்டு ஆகியவையும் பெயரோடு இருக்க வேண்டும். "நல்ல குவாலிட்டி" என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

போன மாதம் முடித்த வேலையின் புகைப்படம் எனக்குப் பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று நான்கு வருடம் முன்பு செய்த அலமாரி ஒன்றை நேரில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். டிராயரை முழுக்க இழுத்துப் பாருங்கள், கதவுகளின் இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கிறதா, விளிம்புப் பட்டை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம், பிறகு ஏதாவது பழுது என்று கூப்பிட்டபோது வந்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். என் கணக்கில் விலையைவிட இந்தப் பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கடைசி அளவை வேலை செய்பவரே வந்து எடுக்கட்டும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை வைத்து வெட்ட வேண்டும். அளவு தவறினால் பொறுப்பு அவருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பணத்தை முன்பணம், பொருள் வந்திறங்கியதும், பொருத்தி முடித்ததும் எனத் தவணையாகக் கொடுங்கள். எல்லாக் கதவையும் டிராயரையும் நீங்களே திறந்து மூடிப் பார்த்து, குறைகளைச் சரிசெய்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், தனியாக நிற்கும் பகுதி எதுவானாலும் சுவரோடு திருகி இறுக்கியிருக்கிறார்களா என்று அன்றே பார்த்துவிடுங்கள். டிராயர்களை இழுத்து ஏறினால் அது முன்பக்கம் சாய்ந்துவிடும்.