பூத்துப்போன படகுக் கண்ணாடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: விசைப்படகின் வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கண்ணாடி முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கடல் உப்பை எப்படிப் போக்குவது? (தங்கச்சிமடம்)

பதில்: கடல் உப்பாக இருந்தால் இரண்டு குடம் நல்ல தண்ணீரில் கரைந்து ஓடியிருக்கும். கரையாமல் நிற்பது பெரும்பாலும், கரைக்கு வந்ததும் நீங்கள் ஊற்றிக் கழுவிய போர் தண்ணீரின் சுண்ணாம்புதான். ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் ஐயமே வேண்டாம். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிடுங்கள், ஏனெனில் நம் கடற்கரை மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. காய்ந்த துணியால் துடைத்தால் கோடு விழும். பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, அதில் நனைத்த பருத்தித் துணியைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பத்து நிமிடம் விட்டு, மெல்லத் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசி, ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். வெயில் ஏறும் முன் செய்யுங்கள். எந்தக் கட்டத்திலும் காய விடாதீர்கள்.

கேள்வி: வினிகருக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா? (கீழக்கரை)

பதில்: தேய்க்கலாம், ஆனால் பிசுபிசுக்கும். கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்துக்கொள்வது மலிவு.

கேள்வி: ஜன்னல் மங்கிவிட்டது, என்ன போட்டால் போகும்? (தேவிபட்டினம்)

பதில்: ஜன்னல் எதனால் ஆனது என்று ஒரு சொல் எழுதியிருக்கக் கூடாதா? கண்ணாடியா, அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி 'கணீர்' என்னும், பிளாஸ்டிக் 'டப்' என்னும். பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னர், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மூன்றையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அக்ரிலிக்கில் சிலந்தி வலைபோல வெடிப்புகள் ஓடிவிடும். மிகவும் நீர்த்த வினிகரும் மென்மையான துணியும் போதும். இதிலும் காய விடாதீர்கள்.

கேள்வி: கழிவறை ஆசிட் ஊற்றினால் ஒரே நிமிடத்தில் போய்விடுகிறதே, வினிகரோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? (மண்டபம்)

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒரே நிமிடத்தில் போவது உண்மைதான். கூடவே எது போகிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணாடியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் வழிந்து இறங்கி, அலுமினியச் சட்டத்தின் அடிப்பள்ளத்தில் தேங்கி, உலோகத்தைத் தின்னும். ஸ்டீல் திருகுகளிலும் ஊசிக்குத்துப்போலக் குழி விழும். சில ஆண்டுகளுக்கு முன், மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றியிருந்த என் அண்ணன் மகனின் படகில், வேலைக்கு வந்த ஒருவர் என்னிடம் கேட்காமலே முன்கண்ணாடி மூன்றிலும் ஆசிட் ஊற்றிவிட்டார். அன்று மாலை கண்ணாடி பளிங்குபோல இருந்தது, படகு முதலாளியான சம்மாட்டியும் மகிழ்ந்துபோய்க் கூடுதல் கூலி கொடுத்தார். பத்து நாளில் சட்டத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி தட்டியது. விரலால் வழித்தால் மாவுபோல ஒட்டியது. ஐப்பசி மழையில் அந்த இடுக்கு வழியாகவே தண்ணீர் இறங்கி வயர்லெஸ் பெட்டி நனைந்தது. சட்டம் மாற்றிய செலவில் பத்து ஆண்டுக்கான வினிகர் வாங்கியிருக்கலாம். இன்னொன்று: பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய இடத்தில் ஆசிட்டோ வினிகரோ பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய வீல்ஹவுஸுக்குள் அது உயிருக்கே ஆபத்து. துரு நீக்கும் திரவங்கள் சிலவற்றில் புளோரைடு சேர்ந்திருக்கும். அது கண்ணாடியையே அரித்துவிடும். லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: வினிகர் மூன்று முறை போட்டும் புள்ளிகள் நிழல்போலத் தெரிகின்றன. (மூக்கையூர்)

பதில்: கறை போய்விட்டது, தழும்பு நிற்கிறது. பல மாதங்கள் படிந்திருந்தால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிபட்டுவிடும். லேசான அரிப்பைச் சீரியம் ஆக்சைடு பசையும் கம்பளி வட்டும் கொண்டு மெருகேற்றலாம். அதையும் ஈரமாகவே செய்யுங்கள். நகம் தடுக்கும் அளவு ஆழம் என்றால் கண்ணாடியை மாற்றுங்கள்.

கேள்வி: மறுபடி வராமல் தடுப்பது எப்படி? (பாம்பன்)

பதில்: கடைசித் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டுவைக்காதீர்கள், அவ்வளவுதான். குடிநீருக்கே வேறு வழியில்லாத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. நம் பக்கத்துக் கிணறுகள் பல அதையும் தாண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கண்ணாடியில் காய்ந்தால் ஏறக்குறைய 3 மில்லிகிராம் சுண்ணாம்பு நிற்கும். தினமும் கழுவுகிறவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி காவிரித் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர். பிறகு ரப்பர் துடைப்பானால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தடைக்காலத்தின் 61 நாளும் படகு கரையில் கிடக்கும்போது, கண்ணாடிக்குக் கார் மெழுகு பூசித் தார்ப்பாய் போட்டுவையுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர் வீணாகிறது, அதில் கழுவலாமா? (உச்சிப்புளி)

பதில்: கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.