பேரன் மிச்சம் வைத்த மைலோ

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது, இனிப்புநீர் இருக்கிறது. ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எங்களோடுதான் இருக்கிறார். டீயில் டின் பாலைத் தாராளமாக ஊற்றிக் குடிப்பார். நான்தான் கண்டித்து நிறுத்தினேன். ஐந்து மாதமாகச் சீனிக்குப் பதில் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டிப் பொட்டலம் போட்டுத்தான் டீ. அதிலிருந்து காலை பத்து, பதினொரு மணிக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைவலி. வெள்ளிக்கிழமைகளில் அதிகம். என் லீவு நாளில் ஒருமுறை நடுங்கியபோது அதே டீயைச் சூடாகப் போட்டுக் கொடுத்தேன், அடங்கவில்லை. மதியம் பேரன் மிச்சம் வைக்கும் மைலோவைக் குடித்தால் சரியாகிவிடுகிறது. இரவில் வயிறு ஊதல், பேதி வேறு. சிங்கப்பூர் நாத்தனார் வாங்கித் தந்த சீனியில்லாத மிட்டாய் ஒன்றுதான் இப்போது அவருக்கு ஆறுதல். இனிப்பூட்டியால் புற்றுநோய் வரும் என்று புலனத்திலும் வந்தது. நிறுத்திவிடவா? மெட்ஃபோர்மின், கிளிக்லாசைட் இரண்டும் காலையில் போடுகிறார், மருந்தெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். எல்லாருக்கும் செய்து கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவார், அது அவர் பழக்கம்.
— மருமகள், பினாங்கு

பதில்: இனிப்பூட்டியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வரும் கடிதங்கள் இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. உங்கள் கடிதத்தில் அந்தச் சந்தேகம் ஒரே ஓர் இடத்தில்தான் சரி. அது வயிறு. சீனியில்லாத மிட்டாய் உறையைத் திருப்பிப் பாருங்கள், மால்டிடோல், சோர்பிடோல் போன்ற வேறோர் இனிப்பூட்டி இருக்கும். குடல் அதை முழுக்க உறிஞ்சாது. மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், புளித்து வாயுவாகும். மெட்ஃபோர்மினும் வயிற்றைக் கலக்கும் மருந்துதான், வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். மிட்டாயை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

புற்றுநோய்ச் செய்தி 2023 ஜூலையில் கிளம்பியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, சான்று குறைவு என்று சொல்லிக்கொண்டே அஸ்பார்டேமை 'உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. அதே சமயம் கூடிய இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் கொள்ளலாம் என்ற பழைய அளவை மாற்றவில்லை. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். உங்கள் பொட்டலத்தில் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். புலனத்தை மூடி வையுங்கள்.

இனி மைலோ. போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பேரன் மிச்சம் வைத்ததைக் குடித்தால் ஏன் சரியாகிறது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா, தங்கச்சி? அதில் சீனி இருக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைவலி எல்லாம் இரத்தத்தில் சீனி இறங்கிப்போகும்போது வருபவை. கிளிக்லாசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, வீடு முழுக்க வேலை பார்த்துவிட்டு, கடைசியில் சாப்பிடும் மனுஷிக்குப் பத்து மணிக்கு நடுங்காமல் என்ன செய்யும்?

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அந்த டின் பால் டீதான் அவருடைய பசியாறல். அதிலிருந்த சீனிதான் அவரை மதியம் வரை தாங்கியிருக்கிறது. அதை நிறுத்தினீர்கள், மாத்திரையை அப்படியே விட்டீர்கள், தட்டிலும் ஒன்றும் வைக்கவில்லை. டின் பாலைக் குறைத்ததில் தப்பில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் பதிலுக்கு என்ன தின்கிறார் என்று பார்ப்பது பிடுங்கியவர் வேலை. நடுங்கும்போது நீங்கள் கொடுத்த சூடான டீயில் அஸ்பார்டேம் இருந்தது, சீனி இல்லை. அதற்கு அடங்காததை வைத்து அஸ்பார்டேம் மேல் பழி போட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை அதிகம் என்கிறீர்களே, விரதம் இருக்கிறாரா என்று கேட்டீர்களா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தண்ணீர்மலை முருகன் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. விரதம் வேண்டுமென்றால் அன்றைக்கு மருந்தை எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு இருக்கட்டும்.

'அது அவர் பழக்கம்' என்ற வரிதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. பேரனுக்கு மைலோ கலந்து கொடுப்பது யார்? நீங்கள் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், அவர்தானே கலக்க வேண்டும்? கலக்கத் தெரிந்தவருக்குத் தனக்கென்று ஒரு குவளை கலந்துகொள்ளத் தெரியாதா? நீங்கள் கண்டிப்பீர்கள் என்ற பயத்தில் பிள்ளையின் மிச்சத்தைக் குடிக்கிறார். வீட்டுக்குப் பெரியவரை இந்த நிலையில் வைத்துவிட்டு, பொட்டலத்தில் என்ன விஷம் இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள். கடைசியில் சாப்பிடுவது அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெருமையாக இருந்திருக்கலாம். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்களுக்கு அதில் என்ன பெருமை?

எல்லாப் பழியையும் மருமகள் தலையில் கட்டவும் எனக்கு மனம் வரவில்லை. கடிதம் முழுக்கத் தேடினேன், உங்கள் வீட்டுக்காரரைக் காணோம். பெற்ற தாய் எந்த மாத்திரையை எப்போது போடுகிறார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் அவர். தாயின் மருந்துப் பை மகன் பொறுப்பு. மனைவி கையில் தள்ளிவிட்டு வேலைக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

நாளைக் காலை முதல் தட்டு மாமியாருக்கு. இரண்டு இட்லியோ, ரொட்டியோ, சாப்பாட்டோடு சேர்த்துத்தான் மாத்திரை. 'அப்புறம் சாப்பிடுகிறேன்' என்றால் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். பத்து மணிக்குக் கடிக்க ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நடுக்கம் வந்தால், சர்க்கரை பார்க்கும் மிஷின் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 4-க்குக் (mmol/L) கீழே என்றால், மிஷினே இல்லை என்றாலும், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். மைலோவை விட இது சீக்கிரம் ஏறும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள், தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 999-க்கு அழையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில்தான் அவருக்கு வருகிறது, அதனால் இதை அவருக்கும் பேரனுக்கும் சொல்லி வையுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே கிளினிக்கில் சொல்லியாக வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு நடுங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எல்லாம் ஒரு தாளில் எழுதி மருந்துப் பையோடு கொண்டுபோங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் இந்த நடுக்கம் இன்னும் சுலபமாக வரும், தெளியவும் நேரமாகும். அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்பது டாக்டர் முடிவு.

கூட்டிக்கொண்டு போவது நீங்கள் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போடட்டும்.