கிணற்றுக் கப்பி மீனை வாய்க்காலில் விடலாமா?

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நுளம்புக்காகக் கிணற்றில் விட்ட கப்பி மீன் எக்கச்சக்கமாகப் பெருகிவிட்டது. மிச்சத்தை வயல் வாய்க்காலில் விடலாமா? வெளிநாட்டு மீன்தானே, நம்முடைய தண்ணீரில் தானாகச் செத்துவிடாதா?"

சாகாது. தயவுசெய்து விடாதீர்கள்.

கப்பியின் சொந்த இடம் தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரை: வெனிசுவேலா, கயானா, எதிரே டிரினிடாட் தீவு. டிரினிடாடிலிருந்து இலண்டனுக்கு இந்த மீனை அனுப்பிய ஒருவருடைய குடும்பப் பெயரைத்தான் 1866இல் இதற்கு வைத்தார்கள், அதுவே நம் வாயில் கப்பி. நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்பதற்காக உலகம் முழுக்கக் கொண்டுபோய் விட்டார்கள், அழகு மீன் தொட்டிகளிலிருந்தும் தப்பியது, இப்போது அன்டார்டிக்காவைத் தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. இதைத் தடுப்பது குளிர்தான். ஜெர்மனியில் கில்பாக் என்ற ஓடையில்கூட கப்பி வாழ்கிறது, அனல் மின்நிலையத்தின் சூடான நீர் அதில் கலப்பதால். திருகோணமலையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

உப்பும் இதற்குப் பெரிய தடையில்லை, மெல்ல மெல்லப் பழகினால் கடல்நீர் அளவுக்கே தாங்கும், ஆகவே கிண்ணியாப் பக்கத்துக் களப்போரம் வந்தால் நின்றுவிடும் என்று நம்ப முடியாது. இழுத்து ஓடும் நீர் பிடிக்காது. கரையோரம், முழங்காலுக்குக் கீழான ஆழம், பாசி, புல், விரால் மாதிரிப் பெரிய வாய்கள் வராத மூலை, அங்கேதான் கூட்டமாக நிற்கும். குசினித் தண்ணீர் விழும் கானிலும் பார்க்கலாம். மற்ற மீன் மூச்சுமுட்டிச் சாகிற அழுக்கு நீரில், மேல்நோக்கிய வாயால் நீரின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய காற்றுப்பட்ட படலத்தை எடுத்தே இது பிழைத்துக்கொள்ளும்.

பெருகும் விதம் இன்னும் மோசம். முட்டை இடாது, குட்டி போடும், ஏறக்குறைய மாதம் ஒரு முறை. ஆணின் விந்தைப் பெண் மீன் மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைக்கும் என்பதால், வாளியோடு தவறிப்போன ஒற்றைப் பெண் மீன் போதும் ஒரு வாய்க்காலை நிரப்ப.

நம்முடைய வாய்க்காலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தில் அசையாமல் நிற்கும் விரல்நீளச் சின்ன மீனைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள், அதுவும் குடம்பி தின்னும். அது பாசியில் முட்டை வைக்கும். கப்பி போய்ச் சேர்ந்தால் இரைக்குப் போட்டி, முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்படியென்றால் கிணற்றில் விட்டது தப்பா? இல்லை. கட்டு உயரமாக, மாரியில் வழியாத கிணறு என்றால் ஏழெட்டு மீன் நல்லது, இரை போட வேண்டாம். ஆனால் 2017இல் கிண்ணியாவைப் படுத்திய டெங்கு நினைவிருக்கும், அந்த நுளம்பு டயரிலும் சிரட்டையிலும் கூரைப் பீலியிலும் முட்டை வைப்பது, அங்கே எந்த மீனும் போகாது, வளவைத் துப்புரவாக்குவதுதான் வழி.

மிச்ச மீனை, கோடையில் நீர் இறங்கியிருக்கும்போது, பழைய நுளம்பு வலைத் துண்டில் அள்ளி, வழியாத கிணறோ சீமெந்துத் தொட்டியோ உள்ள அயலவருக்குக் கொடுங்கள், மீன் தொட்டிக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். மருந்தோ பிளீச்சிங்கோ போட்டுக் கொல்ல நினைக்க வேண்டாம், குடிக்கிற தண்ணீர். உங்கள் கிணற்றுக் கட்டு தாழ்வாக இருந்தால் ஐப்பசி மழைக்கு முன் முழுவதையும் எடுத்துவிடுங்கள், அள்ளிய வாளி நீரையும் கானில் ஊற்றாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள், குட்டிகள் எளிதில் கண்ணில் படாத அளவுக்குச் சின்னது.